ஐந்து தடவைதான் மாற்றலாம்

என் நாத்தனார் மோகனப்பிரியாவைப் பற்றிச் சொல்வதென்றால் முதலில் அவள் கையைத்தான் சொல்ல வேண்டும். கோயம்புத்தூரில் ஓர் ஆஸ்பத்திரி லேபில் ஆறு வருடம் ரத்தம் எடுக்கிற வேலை பார்த்தாள். நரம்பே தட்டுப்படாத கிழவர்களுக்கும், ஊசியைக் கண்டதும் ஊரைக் கூட்டுகிற பிள்ளைகளுக்கும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். ஒரே குத்து, வேலை முடிந்தது. ‘இது எனக்கு வருமா’ என்று அவள் தயங்கி நான் பார்த்ததில்லை. அப்படிப்பட்டவள் ஜெர்மனிக்குப் போய் ஒன்றரை வருடம் வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தாள்.

அவள் வீட்டுக்காரர் கிருபாசங்கருக்கு நூற்பாலை இயந்திரம் செய்கிற கம்பெனியில் வேலை. 2010இல் அவரை அங்கே ஒரு சின்ன ஊருக்கு அனுப்பினார்கள். இவளுக்கும் அந்த ஊர் ஆஸ்பத்திரி லேபில் இடம் இருந்தது. ஆனால் ஜெர்மன் தேர்வில் தேற வேண்டும். இரண்டு தடவை உட்கார்ந்தாள். எழுத்தில் தேறிப் பேச்சில் கவிழ்ந்தாள். “அடுத்த ஏப்ரல் வரைக்கும் இடத்தை வைத்திருக்கிறோம், அதற்குமேல் முடியாது” என்று லேபில் சொல்லிவிட்டார்கள்.

நூலகத்தில் ஜெர்மன் படங்களின் டிவிடி கிடைக்கும், எடுத்துப் பார், காது பழகும் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்த டீச்சர் யோசனை சொன்னார். வீட்டில் டிவி இல்லை. என்றைக்கிருந்தாலும் ஊர் திரும்புகிறவர்களுக்கு எதற்கு என்று வாங்கவில்லை. இணையம் அளந்து வருகிற இணையம், மாதத்தில் பத்தாம் தேதிக்குள் தீர்ந்துபோகும். இருந்தது காந்திபுரத்தில் வாங்கிக்கொண்டுபோன ஒரு லேப்டாப்.

இங்கேதான் வினை. படக் கம்பெனிக்காரர்கள் பங்காளிகள் தோட்டம் பிரிப்பதுபோல உலகத்தைப் பிரித்து, ஒவ்வொரு பங்குக்கும் ஓர் எண் போட்டிருக்கிறார்கள். இந்தியாவுக்கு ஐந்து, ஜெர்மனிக்கு இரண்டு. ஐந்தில் இருக்கிற லேப்டாப்பில் இரண்டாம் எண் டிவிடி ஓடாது. எண்ணை மாற்றிக்கொள்ளலாம், ஆனால் மொத்தம் ஐந்தே தடவை. ஐந்தாவது தடவை எதில் நிறுத்துகிறோமோ, ஆயுசுக்கும் அதிலேயே நிற்கும். திருட்டு டிவிடிக்கு இந்தத் தொல்லையே கிடையாது, எங்கேயும் ஓடும். கிருபாசங்கர்தான் ஏர்போர்ட்டில் பிடித்துவிடுவார்கள் என்று பயந்து, தமிழ்ப் படம் அத்தனையும் ஒரிஜினலாகத் தேடி வாங்கிக்கொண்டுபோனார். யோக்கியனுக்குத்தான் பூட்டு.

முதல் மாற்றம் நூலகப் படத்துக்காக. இரண்டாவது, ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் படம் பார்க்க. ஒவ்வொரு தடவையும் திரையில் ஏதோ எழுதி வந்தது. ‘சரி’ என்று அமுக்கிவிட்டார்கள். இஞ்சினியர் வீட்டில் யார் அதையெல்லாம் படிக்கிறார்கள்?

மூன்றாவதும் நான்காவதும் ஒரே நாளில் போயின. அதற்குக் காரணம் எங்கள் ஊர் மரியாதை. அதே ஊரில் குடியிருந்த சிங்காநல்லூர்க்காரி பூஜிதா தன் இரண்டு குழந்தைகளோடு விருந்துக்கு வந்திருந்தாள். கையில் ஒரு ஜெர்மன் பொம்மைப் படம். லேப்டாப்பில் தமிழ்ப் படம் ஓடிக்கொண்டிருந்தது.

“கொழந்தைங்க படத்தையே போட்டுரலாமுங்க” என்றாள் மோகனப்பிரியா.

“வேண்டாமுங்க, நீங்க பாத்துட்டிருக்கறத எதுக்கு எடுக்கறீங்க?”

“எங்குளுது எப்ப வேணா பாத்துக்கறமுங்க.”

எண் இரண்டுக்குப் போயிற்று. அரை மணி நேரத்தில் குழந்தைகள் தூங்கிவிட்டன. இப்போது பூஜிதாவின் முறை. “உங்க படத்தப் போடுங்க, எங்குளால நின்னுபோச்சுன்னு இருக்கக் கூடாதுங்க.” மறுபடியும் ஐந்து. அந்தப் படத்தையும் யாரும் பார்க்கவில்லை. பேசிக்கொண்டே சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிப் போனார்கள். அதன் பிறகுதான் மோகனப்பிரியா திரையில் இருந்ததைப் படித்தாள். இன்னும் ஒரு தடவைதான் மாற்றலாம்.

எல்லா எண் டிவிடியையும் ஓட்டுகிற பெட்டி ஒன்று கடையில் கிடைக்கும் என்பது எனக்கு இப்போது தெரியும். அன்றைக்கு அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது.

அந்த ஜனவரியில் என் மாமியார் வள்ளியாத்தாள் மூன்று மாதம் மகளோடு இருக்கக் கிளம்பிக்கொண்டிருந்தார். மாமனார் பாலுசாமி, தென்னைக்குத் தண்ணீர் விட ஆளில்லை என்று கிணத்துக்கடவிலேயே நின்றுவிட்டார். அத்தைக்குப் பாஷை தெரியாது, குளிரில் வெளியே போக முடியாது. அவர் கேட்டது ஒன்றுதான். “படம் ஓடுமல்ல கண்ணு? அப்படின்னா வாரேன்.” பிடித்த படமாகப் பார்த்து இருபது டிவிடி வாங்கி, சேலைக்கு நடுவே வைத்துக் கட்டச் சொன்னார். நான்தான் கட்டிக்கொடுத்தேன்.

மோகனப்பிரியா எனக்குப் போன் செய்தாள். எங்கள் பக்கம் அண்ணியை நங்கை என்பார்கள். “நங்கை, எண்ணை மாத்துனா அம்மா மூணு மாசம் செவுத்தப் பாத்துட்டு உக்காந்திருக்கும். மாத்தாம உட்டா நா தேற மாட்டேன்.”

“உன்ற வேலையப் பாரு அம்மணி. அத்தைக்கென்ன, தூங்கி எந்திரிச்சாப் பொழுது போயிரும்” என்றேன். சொல்வது எனக்குச் சுலபம். அத்தை ஆசை ஆசையாகப் படம் தேடி வாங்கியதை அவளிடம் சொல்லாமல் மறைத்துவிட்டேன்.

அத்தை இறங்குவதற்கு முந்தின நாள் மோகனப்பிரியா, புருஷனையும் கேட்காமல், எண்ணை இரண்டுக்கு மாற்றி முடித்துவிட்டாள்.

வந்த மறுநாளே அத்தை முதல் டிவிடியை நீட்டினார். அது ஓடவில்லை. மோகனப்பிரியா சாக்குப் போக்குச் சொல்லவில்லை. நடந்ததை அப்படியே சொன்னாள்.

“நா வாரேன்னு தெரிஞ்சுமா மாத்திப்போட்டே?”

“தெரிஞ்சுதானுங்ம்மா மாத்துனேன்.”

அத்தை இருபது டிவிடியையும் திரும்பச் சேலையில் சுற்றிப் பெட்டியில் வைத்தார். இரண்டு நாள் மகளோடு பேசவில்லை. எனக்குப் போன் போட்டு, “டிக்கெட்ட முன்னால மாத்தித்தரச் சொல்லு” என்றார். குரல் கம்மியிருந்தது. மகள் வீட்டில் அவர் அழுதிருக்கிறார், அதில் என் யோசனைக்கும் பங்கு உண்டு.

மூன்றாம் நாள் மோகனப்பிரியா ஒரு ஜெர்மன் படம் போட்டுக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தாள். ரொட்டிக்கடை வைத்திருக்கிற ஒரு விதவையும் அவள் மகனும் வருகிற கதை. ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்த அத்தை திரும்பினார்.

“அவ எதுக்கு அழுகறா?”

“மகன் கடைய விக்கச் சொல்றானுங்ம்மா.”

“அந்தப் பையன் எத்தன நேரம் பேசுனான்? நீ ரெண்டு வார்த்தைல முடிச்சுப்போட்டே. மறுக்காப் போடு.”

மறுபடியும் போட்டாள். மகன் கடையை விற்கச் சொல்லவில்லை. கடையைத் தானே நடத்துகிறேன், நீ ஓய்வெடு என்கிறான். அம்மா அதை நம்பாமல் அழுகிறாள். மோகனப்பிரியாவுக்கு முகம் சிவந்துபோயிற்று. அந்தப் படத்தை அவள் ஏற்கெனவே ஒரு தடவை பார்த்துக் குறிப்பெடுத்து மூடியிருந்தாள்.

அன்றிலிருந்து அத்தை அவளை விடவில்லை. ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டே கேட்பார். ஏன் அப்படிச் சொன்னாள், அதற்கு இவன் என்ன சொன்னான், அந்த ஊரில் தங்கச்சி அக்காளைப் பேர் சொல்லியா கூப்பிடுகிறாள்? சமாளித்துச் சொன்னால் கண்டுபிடித்துவிடுவார். என் வீட்டில் பால்காரர் கணக்கையே அப்படித்தான் பிடிப்பார். மகளுக்கு ஒவ்வொரு வாக்கியமும் முழுசாகக் காதில் விழுந்தாக வேண்டியதாயிற்று. ராத்திரி சாப்பாட்டில் கிருபாசங்கருக்கு அன்றைய கதையை மகள் ஜெர்மனில் சொல்ல வேண்டும் என்று அத்தையே சட்டம் போட்டார். அவர் பாதியில் புரியாமல் விழித்தால், “எனக்குத் தெரியும் மாப்ள, அவ அப்பறம் திரும்பி வந்துருவா” என்று தமிழில் முடித்துவைப்பார். மூன்று மாதத்தில் ஐம்பத்திரண்டு படம். டிக்கெட்டை மாற்றுகிற பேச்சு அதற்குப் பிறகு வரவேயில்லை.

மார்ச் கடைசியில் தேர்வு. ஒரு புகைப்படத்தைக் கையில் கொடுத்து, இதில் என்ன நடக்கிறது என்று கேட்டார்கள். சமையலறை மேசையில் இரண்டு பெண்கள், நடுவே ஒரு கடிதம். போன இரண்டு தடவையும் இந்த இடத்தில்தான் அவளுக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. இந்தத் தடவை யார் யாருக்கு என்ன முறை, கடிதத்தை யார் ஒளித்தது, ஏன் ஒளித்தாள் என்று நிறுத்தாமல் சொன்னாளாம். கேள்வி கேட்டவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

முடிவு வருவதற்குள் அத்தை ஊர் திரும்பிவிட்டார். பெட்டியைப் பிரித்தேன். இருபது டிவிடியும் அத்தை சேலையில் சுற்றி வைத்தபடியே இருந்தன. பக்கத்து வீட்டுக்காரர்கள் ஜெர்மனியில் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டு வந்தார்கள். ரொட்டிக்கடை விதவையின் கதையை, சொந்தக்காரி கதைபோல ஒரு மணி நேரம் சொன்னார். கேட்டவர்கள் அந்த விதவைக்கு இப்போது எப்படி இருக்கிறது என்று விசாரித்துவிட்டுப் போனார்கள்.

ஏப்ரல் இரண்டாம் வாரம் போன் வந்தது. “நங்கை, அம்மாகிட்டக் குடுங்க” என்றாள் மோகனப்பிரியா. அழுதுகொண்டிருந்தாள். மறுபடியும் கவிழ்ந்துவிட்டாளோ என்று நினைத்தேன். அத்தை போனை வாங்கிக் காதில் வைத்தார். தேறிவிட்டேன், திங்கட்கிழமை லேபுக்கு வரச் சொல்லிவிட்டார்கள் என்று அவள் சொல்வது எனக்கும் கேட்டது.

அத்தை கொஞ்சமும் அசரவில்லை.

“தேறாம எங்க போவே கண்ணு? நா கேட்டதவுடவா அவங்க கேட்டுப்போட்டாங்க?”