ஹிரோஷிக்கு நான் என்ன முறை

ஜப்பான்காரரின் செத்தவீட்டு வாசலில் வாய்மொழிப் பரீட்சை வைப்பார்கள் என்று நான் முழுதாக நம்பினேன். சிரிக்காதேங்கோ. போகிறவர்கள் இறந்தவருக்குத் தாங்கள் என்ன உறவு என்று எழுதிக் கொடுக்க வேணுமாம் என்று எங்கேயோ வாசித்தேன். மிச்சத்தை என் பயம் கட்டிவிட்டது.

ஹிரோஷியும் நானும் ஸ்டுட்கார்ட்டில் ஒரு தொழிற்சாலைக் கன்டீன் அடுப்படியில் பதினொரு வருடம் பக்கத்தில் பக்கத்தில் நின்றவர்கள். அவரை நான் அண்ணை என்றுதான் கூப்பிடுவேன், அவரும் பழகிவிட்டார். ஓய்வெடுத்து டுசல்டோர்ப்பில் இருந்த மகளிடம் போனவர், அங்கேயே முடிந்துபோனார். கன்டீன் மனேஜர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

காலை 7.10, ரயில் புறப்பட்டது. நானூறு கிலோமீட்டர், டிக்கெட் 49 யூரோ 90. வழியனுப்ப வந்த மனைவி, "அங்க உங்களை ஆர் சோதினை எடுக்கப் போகினம்? பேசாமல் கும்பிட்டிட்டு வாங்கோ" என்று சொல்லித்தான் அனுப்பினாள். நான் கொப்பியைத் திறந்து பாடமாக்கத் தொடங்கினேன். எல்லாம் ஹிரோஷியே வெங்காயம் வெட்டிக்கொண்டு சொல்லித்தந்த ஜப்பானியச் சொற்கள். ஒத்துப்போகிறவர்கள் நகயோஷி. நெஞ்சுக்கு நெருங்கியவன் ஷின்யூ. பிரியவும் ஏலாமல் பொறுக்கவும் ஏலாமல் இழுபடுகிற கூட்டு குசரே-என், அதாவது அழுகின தொடர்பு. ஒரே பானைச் சோறு தின்றவர்களுக்குத் தனியாக ஒரு வசனமே இருக்கிறது.

ஒருநாள் கேட்டேன், "அண்ணை, நாங்கள் இதில எது?"

"சோறு அடிப்பிடிக்குது, பார்" என்றார்.

மான்ஹைமில் ஷின்யூ என்று முடிவெடுத்தேன். பிராங்பேர்ட் விமானநிலையம் வரமுன் அது அதிகப்பிரசங்கித்தனமாகப் பட்டது. கொலோனில் குசரே-என்னுக்கு இறங்கிவந்தேன். செத்தவரின் வாசலில் நின்று அழுகின கதை கதைக்கலாமா? வேர்த்துக் கொட்டியது. கழுத்துப்பட்டி வேறு என்னைத் தூக்கில் போட்டது.

9.50, டுசல்டோர்ப். ஜப்பானியக் கடைகள் நிறைந்த இம்மர்மான் வீதியைக் காட்டுவதாக அவர் பலமுறை சொன்னவர். தனியே நடந்தேன். பிறகு ட்ராமில் ரைன் நதியைக் கடந்து ஓபர்காசல், ஒரு சின்ன மண்டபம்.

வாசல் மேசையில் படிவம் இருந்தது. பெயர், விலாசம், அடியில் மூன்று பெட்டிகள்: உறவினர், நண்பர், வேலை. சொல் எழுத இடமே இல்லை.

மகள் எழும்பிக் குனிந்து வணங்கினார். அப்படியே ஹிரோஷியின் மூக்கு. என் பெயரைச் சொன்னேன்.

"மன்னியுங்கோ," என்று ஜெர்மனில் மெதுவாகச் சொன்னார், "அப்பா உங்களைப் பற்றி ஒருநாளும் சொன்னதில்லை. எப்படிப் பழக்கம்?"

பதினொரு வருடத்தில் அவர் என் வீட்டுக்கு வந்ததில்லை. நானும் கூப்பிட்டதில்லை.

பேனையை வாங்கி, வேலை என்ற பெட்டியில் புள்ளடி போட்டேன்.