மண்டபத்துக்குப் பின்னால் போன எட்டு கிலோமீட்டர்

ஒவ்வொரு நவம்பரிலும் வளிமண்டல, பருவநிலை ஆய்வாளர்கள் இருநூறு பேர் துனிசியாவின் ஸ்ஃபாக்ஸ் நகரில் கூடுகிறார்கள். ஏறக்குறைய எல்லோருமே வானிலையைக் கணினியில் பார்க்கிறவர்கள். கூரை ஏறிக் கண்ணால் பார்க்கிற ஆள் இந்த முறை ஒருவர்தான் வந்திருந்தார். அவர் பெயர் துஹாமி, வயது ஐம்பத்தெட்டு. தெற்கே பீர் நஸ்ர் வானிலை நிலையத்தில் இருபத்தொன்பது வருடமாகத் தினமும் மூன்று வேளை வானத்தைப் பார்த்துப் பதிவேட்டில் எழுதுகிறார்.

அவரை அழைத்தவர் டாக்டர் ஸிஹாம். தெற்கில் தூசு எவ்வளவு கூடியிருக்கிறது என்ற அவருடைய ஆய்வு முழுக்க துஹாமி எழுதிய எண்களில்தான் நிற்கிறது. வெள்ளிக்கிழமை மாநாடு முடியும்போது தூசு வரைபடம் இறுதியாகும். எந்த ஊர்களுக்கு முதலில் மணல் தடுப்பு வேலி போடுவது என்பதை அமைச்சகம் அந்தப் படத்தைப் பார்த்து முடிவு செய்யும். பீர் நஸ்ரின் கிழக்குத் தெருவில் மணல் ஜன்னல் வரை ஏறிவிட்டது. பேருந்து நிலையத்தில் வழியனுப்ப வந்த மேயர் ஷாத்லி, "வேலி இல்லாம ஊர்ப்பக்கம் வந்துடாதீங்க" என்று சொல்லித்தான் பையை வண்டியில் ஏற்றினாராம்.

வியாழக்கிழமை காலை, அரங்கு வாசலில் தரவுப் பிரிவின் தலைவர் முன்ஸிஃப், ஐயா என்பதற்கு அங்கே சொல்லும் 'சி' போட்டு அவரை வளைத்துக்கொண்டார்.

"என்ன சி துஹாமி, பாலைவனத்தை யாரை நம்பி விட்டுட்டு வந்தீங்க?"

"அது எங்கயும் ஓடிடாது. நான் திரும்பிப் போறதுக்குள்ள இன்னும் ரெண்டு அடி கிட்ட வந்திருக்கும்."

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அன்றைக்கு அவர் சிரிக்க வைத்தது அத்தோடு சரி.

பதினொரு மணிக்கு ஸிஹாம் மேடையேறினார். திரையில் ஒரு கோடு. 2011 வரை சமதரையாகப் போனது, அந்த வருடம் திடீரென்று எழும்பி, அதன்பின் இறங்கவே இல்லை. "ஐந்து கிலோமீட்டருக்குக் குறைவாகப் பார்வை தெரிந்த நாட்கள் இரண்டு மடங்காகிவிட்டன" என்றார். பிறகு துஹாமியை எழுந்து நிற்கச் சொன்னார். அரங்கம் கைதட்டியது. அவர் நின்றார், ஆனால் யாரையும் பார்க்கவில்லை. 2011 என்ற எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கேள்வி நேரத்தில் கை தூக்கினார். தலைமை வகித்தவர் கடிகாரத்தைக் காட்டி எல்லோரையும் காப்பிக்கு அனுப்பிவிட்டார்.

காப்பி மேசையருகே துஹாமி ஸிஹாமைப் பிடித்தபோது, மாநாட்டு ஏற்பாடுகளைக் கவனித்துக்கொண்டிருந்த நான் பக்கத்தில் இருந்தேன்.

"மகளே, அந்த வருஷம் எழும்பினது தூசு இல்ல. கல்யாண மண்டபம்."

"எந்த மண்டபம்?"

"நிலையத்துக்கு எதிர்ல மூணு மாடி கட்டினாங்களே, அது."

அவர் சொன்னது இதுதான். பார்வைத் தூரத்தை அளக்கத் தூரம் தெரிந்த அடையாளங்களைப் பார்ப்பார்கள். தண்ணீர்த் தொட்டி மூன்று கிலோமீட்டர். தர்காவின் வெள்ளைக் குவிமாடம் எட்டு. மலை இருபது. மலை மங்கிய நாளில் குவிமாடம் தெரிந்தால் எட்டு என்று எழுதுவார். 2011 ஏப்ரலில் மண்டபம் வந்து குவிமாடத்தை மறைத்தது. மலை உச்சி மட்டும் அதற்கு மேலே தெரிந்தது. அதனால் மலை மங்கினால் அடுத்துத் தெரிவது தொட்டிதான். எட்டு என்று வர வேண்டிய நாளுக்கும் மூன்று. கண்ணுக்குத் தெரிந்த அடையாளத்தை மட்டும் எழுது, ஊகிக்காதே என்பது வேலையில் சேர்ந்த முதல் நாளில் சொல்லப்பட்ட விதி. எண் எழுதும் இடத்தில் அவர் ஒரு நாள்கூட ஊகிக்கவில்லை.

ஸிஹாம் நின்றபடியே மடிக்கணினியைத் திறந்து எண்களை ஓட்டினார். அவர் கையில் இருந்த பிஸ்கட் அப்படியே இருந்தது.

"ஏப்ரலுக்கு அப்புறம் எட்டுங்கற எண்ணே இல்ல. ஒரு தடவைகூட இல்ல. நான் எப்படி இதைப் பாக்காம விட்டேன்?"

"மேலிடத்துக்கு மூணு கடிதம் போட்டேன். குறிப்புப் பகுதியில எழுதுன்னு பதில் வந்துச்சு. எழுதினேன். 'மண்டபம் மறைக்குது, கணக்குக்கு எட்டு இருக்கலாம்'னு தேதி போட்டு, வேளை போட்டு, எல்லாமே எழுதியிருக்கேன்."

ஸிஹாமின் முகம் தெளிந்தது. "அப்போ பிரச்சினையே இல்லையே. அந்தக் குறிப்பை வச்சுத் திருத்திடலாம்."

இருவரும் முன்ஸிஃபைத் தேடிப் போனார்கள், நானும் கூடவே போனேன். அவர் முழுவதையும் கேட்டார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"கணினியில ஏத்தும்போது எண்ணை மட்டும் ஏத்தச் சொன்னாங்க. குறிப்புக்குக் கட்டமே கிடையாது."

"பதிவேடு இருக்குமே?"

"கிடங்குல இருந்துச்சு. போன வருஷ மழையில தண்ணி புகுந்துடுச்சு, சி துஹாமி. எல்லாம் கூழாயிடுச்சு."

"எத்தனை மில்லிமீட்டர்?" துஹாமிக்கு வாய் தானாகவே கேட்டுவிட்டது.

"அறுபத்தேழு."

பிறகு முன்ஸிஃப், "ஞாபகத்துல இருந்து சொல்ல முடியாதா?" என்றார்.

"பன்னிரண்டு வருஷம், நாளைக்கு மூணு தடவை. பொய் சொல்லணும்னா இப்பவே சொல்லிடலாம்."

"செயற்கைக்கோள் படத்தோட ஒப்பிட்டா?" இதை ஸிஹாமே கேட்டு, ஸிஹாமே பதிலும் சொன்னார். "மூணு மாசம் வேணும். அறிக்கை நாளைக்கு."

மீதமிருந்தவை இரண்டு வழிகள். தப்பான எண்களை அப்படியே விடலாம். பீர் நஸ்ர் படத்தில் அடர்சிவப்பாக வரும், வேலியும் வரும். அல்லது பன்னிரண்டு வருடத்தையும் நீக்கலாம். சுற்றுவட்டாரத்தில் வேறு நிலையம் இல்லாததால் மொத்தப் பகுதியும் வெள்ளையாகிவிடும்.

"மணல் வர்றது நிஜம்தானே?" என்றார் ஸிஹாம்.

"நிஜம்தான். எங்க தெருவுல மம்பட்டி இல்லாத வீடு இல்ல. அது கூடிக்கிட்டே இருக்குன்னுதான் எனக்கும் படுது. ஆனா எவ்வளவுன்னு என் எண்ணு சொல்லல."

"நீங்களே சொல்லுங்க. வச்சுக்கட்டுமா, எடுத்துடட்டுமா?"

"அதை என்கிட்ட கேக்காதீங்க மகளே. நான் பாத்ததை எழுதறவன்."

ஸிஹாமுக்கு அதுவே பதிலாகிவிட்டது. வேறு பதில் கிடைக்குமா என்று இன்னும் சிறிது நேரம் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

வெள்ளி மதியம் வரைபடம் திரையில் வந்தது. வடக்கில் மஞ்சள், நடுவில் ஆரஞ்சு. தெற்கே, பீர் நஸ்ரும் அதைச் சுற்றிய மூன்று சோலைகளும் இருக்கும் இடத்தில் வெள்ளை. ஓரத்தில் சின்ன எழுத்தில் "தரவு இல்லை" என்று இருந்தது. யாரும் கேள்வி கேட்கவில்லை. ரயிலைப் பிடிக்க வேண்டியவர்கள் முன்பே எழுந்திருந்தார்கள்.

துஹாமியை, ஆள் நிரம்பினால் கிளம்பும் லுவாஜ் வாடகை வண்டிகளின் நிறுத்தம் வரை நான்தான் காரில் கொண்டுபோய் விட்டேன். தெற்கே போகும் வண்டியில் ஏழு பேர் உட்கார்ந்திருந்தார்கள். எட்டாவது ஆளுக்காக ஓட்டுநர் ஊர்ப்பெயரைக் கூவிக்கொண்டிருந்தார். துஹாமியின் கைப்பேசி அடித்தது. மேயர்.

"என்னாச்சு? எத்தனை கிலோமீட்டர் வேலி?"

"நம்ம ஊருக்கு எதுவும் எழுதல ஷாத்லி."

"என்னது எழுதல? நீங்க அங்கதானே இருந்தீங்க?"

"இருந்தேன்."

"யாரு தடுத்தது? பேரைச் சொல்லுங்க, நான் பேசிக்கிறேன்."

துஹாமி கைப்பேசியை மறுகாதுக்கு மாற்றிக்கொண்டார். ஓட்டுநர் அவர் பையை வாங்கி மேலே கட்டிவிட்டு, ஏறுங்கள் என்று கதவைத் தட்டினார்.

"நான்தான்" என்றார் துஹாமி. மறுமுனையில் மேயர் கத்திக்கொண்டிருக்க, பின்வரிசையில் நடுவில் காலியாக இருந்த இடத்தில் ஒடுங்கி உட்கார்ந்தார்.