பழைய வரியில் தட்டிய என்டர்

எனக்குக் கம்ப்யூட்டர் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அதில் எனக்குப் பிடித்தது ஒரே ஒரு ஜன்னல். அதுவும் அதை அமைத்து வைத்திருந்தவளுக்காக.

எண்பதுகளின் கடைசி. பாலக்கோட்டுப் பக்கம் ஒரு மாங்கூழ் ஃபேக்டரியில் நான் லேபில் இருந்தேன். பெங்களூரா என்கிற கிளிமூக்கு மாம்பழம் லாரி லாரியாக வரும். கூழாக்கி, டின்னில் அடைத்து, வெளிநாட்டுக்கு அனுப்புவார்கள். ஒவ்வொரு லாட்டிலும், அதாவது ஒரு தடவையில் ஒன்றாக அடைத்த டின்களில், சர்க்கரை எவ்வளவு, புளிப்பு எவ்வளவு என்று பார்த்துச் சொல்வது என் வேலை. அந்த எண்கள் இல்லாமல் ஒரு டின்கூட கேட்டைத் தாண்டாது.

முதலாளி எங்கிருந்தோ ஒரு பழைய கம்ப்யூட்டரை வாங்கி வந்து ஏசி அறையில் வைத்தார். லேபில் எங்களுக்கு ஒரு ஃபேன். சத்தம் வரும், காற்று வராது. மெஷினுக்கு ஏசி! எனக்கு வயிறு எரிந்தது. கூடவே ஓர் உத்தரவு: இனிமேல் நோட்டுப் புத்தகம் கிடையாது, எல்லாம் கம்ப்யூட்டரில்தான். நான் துண்டுச் சீட்டில் எண்களை எழுதிக் கொடுப்பேன். ஆபரேட்டர் அதை ஏற்றுவாள். சீட்டு பாய்லருக்குப் போய்விடும். இது முட்டாள்தனம் என்று அன்றே சொன்னேன். யார் கேட்டார்கள்?

ஆபரேட்டர் என்னைவிட ஆறேழு வயது சின்னவள். மாரண்டஹள்ளிப் பக்கத்துப் பெண், வூட்டில் கன்னடம். சீசன் முடிகிறவரை பார்க்கலாம் என்று வேலையில் வைத்திருந்தார்கள். முதலாளியின் தம்பிக்கு மெஷினும் பிடிக்காது, அவளும் பிடிக்காது. "இந்த டப்பாவால ஒரு நாள் லோடு நின்னுச்சுன்னா, டப்பாவையும் அனுப்பிருவேன், இந்தம்மாவையும் அனுப்பிருவேன்" என்று எல்லார் முன்னாலும் சொல்லியிருந்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்கொண்டாள். எனக்குத்தான் கோபம் வந்தது.

அவள் வேலை செய்வதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். அந்த மெஷினில் எடிட்டர் என்று ஒன்று உண்டு, கடிதமும் ரிப்போர்ட்டும் அடித்துத் திருத்துவதற்கு. மெஷினுக்குக் கட்டளை கொடுக்க வேண்டுமென்றால் எடிட்டரை மூடிவிட்டு வெளியே வர வேண்டும். சொல்லிக் கொடுக்க வந்த ஆள் அப்படித்தான் செய்தான். அங்கே பதில் சரசரவென்று ஓடித் திரைக்கு மேலே போய்விடும். போனது போனதுதான். அவன் போன பிறகு இவள் செங்கல் கனத்துக்கு இருந்த கையேட்டைப் பக்கம் விடாமல் படித்தாள். எடிட்டருக்கு உள்ளேயே கட்டளை கொடுக்கிற ஜன்னல் ஒன்றைத் திறக்கலாம் என்று கண்டுபிடித்தாள். அந்த ஜன்னலில் மெஷின் சொல்லும் பதிலும் நாம் அடித்த எழுத்து மாதிரியே அப்படியே கிடக்கும். மேலே போய்ப் படிக்கலாம், தேடலாம், வெட்டி வேறு இடத்தில் ஒட்டலாம். பழைய கட்டளை இருக்கிற வரியில் போய் நின்று என்டர் தட்டினால், அதையே மறுபடி செய்யும்.

அதோடு விட்டாளா? தொடங்கும்போது மெஷின் படிக்கிற ஃபைல்களில் தன் சொற்களை எழுதி வைத்தாள். ஒரு ஃபைலைக் காட்டச் சொல்ல 'நோடு'. அழிக்கச் சொல்ல 'தெகெ'. இங்கிலீஷ் எழுத்தில் அவள் வூட்டுப் பேச்சு.

"ஏம்மா, மெஷினுக்கு எதுக்குக் கன்னடம்?" என்றேன்.

"நான் சொல்றத அது கேக்கட்டுங்க அக்கா. அது சொல்றத நான் எதுக்குக் கேக்கணும்?"

திமிர் பிடித்த பேச்சு. எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

ஒரு நாள் காலை பதினோரு மணிக்குக் கூழ் வாங்குகிறவர்களின் ஏஜென்ட் பெங்களூரிலிருந்து வருவதாக இருந்தது. அந்த மாதத்து நாற்பது லாட்டின் எண்களைத் தாளில் பார்த்து அவர் கையெழுத்துப் போட்டால்தான் லோடு ஏறும். அவள் போன மாதத்து ஃபோல்டருக்குள் போய், ஏற்கெனவே ஃப்ளாப்பியில் பத்திரப்படுத்தி முடித்த பழைய லாட்டுகளை, 'இங்கே இருக்கிற எல்லாவற்றையும்' என்கிற பொருளில் ஒரே 'தெகெ' வரியில் அழித்தாள். பிறகு இந்த மாதத்து ஃபோல்டருக்கு வந்து, நாற்பது லாட்டையும் எனக்காக அந்த ஜன்னலில் காட்டச் சொன்னாள்.

"சரியா இருக்கான்னு பாத்துட்டே இருங்க அக்கா. பிரிண்டருக்குத் தாள் மாட்டிட்டு வந்துடறேன்."

கீழேயிருந்து மேலே ஒவ்வொரு எண்ணாகப் பார்த்துக்கொண்டே போனேன். எல்லாம் சரி. முதல் லாட்டையும் தாண்டி, அவள் சற்று முன் அழிக்கச் சொன்ன அந்தப் பழைய வரியில் போய் நின்றேன். நான் தர்மபுரியில் டைப்ரைட்டிங் படித்தவள். ஒரு வரி முடிந்தால் கை தானாக உருளையைத் தள்ளும். படித்து முடித்த திருப்தியில் கை அதையே செய்தது. இங்கே உருளை ஏது? என்டர்தான் இருந்தது. தட்டிவிட்டேன்.

அவள் வந்து பிரிண்ட் கொடுத்தாள். அப்படி ஒரு ஃபைல் இல்லை என்றது. மறுபடி கொடுத்தாள். இல்லை.

"உன் மெஷினுக்குப் பைத்தியம் புடிச்சிருக்கு! நான் பார்க்கும்போது எல்லாம் இருந்துச்சு. ஒருக்கா ஆஃப் பண்ணி ஆன் பண்ணு" என்று கத்திக்கொண்டே சுவிட்சுக்குக் கையை நீட்டினேன். அவள் என் கையில் பட்டென்று ஓர் அடி வைத்தாள். என்னை! லேபில் எவனும் என்னிடம் குரலை உயர்த்த மாட்டான்.

"தொடாதீங்க அக்கா!"

பிறகு ஜன்னலின் கடைசி வரிகளைப் பார்த்தாள். "அக்கா, மேல போய் எங்கயாவது என்டர் தட்டுனீங்களா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவள் சற்று முன் போன மாதத்துக்குள் நின்று சொன்ன அதே வரியை, இந்த மாதத்துக்குள் நிற்கும்போது நான் மறுபடி சொல்லியிருக்கிறேன். நாற்பது லாட்டும் போய்விட்டது. சீட்டு பாய்லரில் சாம்பல். மறுபடி டெஸ்ட் பண்ண ரெண்டு நாள் ஆகும். ஏஜென்ட் மாலையே திரும்பிவிடுவார். நான் செய்த வேலைக்கு இவளை அனுப்பப் போகிறார்கள்.

"கத்தாதீங்க. கரண்ட் போகக்கூடாதுன்னு மட்டும் வேண்டிக்கங்க" என்றாள். "இப்ப நீங்க படிச்சீங்க இல்ல, அது எங்க இருக்கு?"

எங்கே இருக்கும்? ஜன்னலில்தான் கிடந்தது. ஃபைல்கள் போய்விட்டன. எனக்காகக் காட்டிய நாற்பது லாட்டும் எழுத்தாக அங்கேயே கிடந்தன. வேறு எந்த ஆபரேட்டராக இருந்தாலும் அவை திரைக்கு மேலே ஓடிக் காணாமல் போயிருக்கும். நான் சுவிட்சைத் தட்டியிருந்தாலும் போயிருக்கும்.

முதல் லாட்டில் குறி வைத்தாள், கடைசி லாட்டுக்கு இறங்கினாள், அவ்வளவையும் அள்ளி ஒரு புது ஃபைலில் போட்டாள். பத்து எண்ணுவதற்குள் முடிந்தது. அடுத்து ஒரு லாட்டை மட்டும் வெட்டி, தனி ஃபைலாக்கிப் பெயர் வைத்தாள். அந்த விரல் வேலை முழுவதையும் எடிட்டர் நினைவில் வைத்துக்கொண்டது. "இதே மாதிரி மிச்சத்தையும் செய்" என்று அதற்குச் சொன்னாள். பியானோவில் பேய் உட்கார்ந்து வாசிப்பது மாதிரி, விரல் படாமலே முப்பத்தொன்பது லாட்டும் தனித்தனியாகப் பிரிந்து போய் உட்கார்ந்தன. நான் வாயைத் திறந்துகொண்டு நின்றேன். என் வாழ்க்கையில் அப்படி நின்றது ரொம்பக் குறைவு.

பிரிண்டர் இழுத்துக்கொண்டிருக்கும்போதே ஏஜென்ட் வந்துவிட்டார். முதலாளியின் தம்பி கதவைத் திறந்தார். "என்ன, டப்பா படுத்துருச்சா?"

அவள் வாயைத் திறப்பதற்குள் நான் சொன்னேன்: "டப்பா படுக்கலைங்க. நான்தான் எல்லாத்தையும் அழிச்சேன். இந்தப் பொண்ணு திருப்பி எடுத்துருச்சு. அனுப்பணும்னா என்னை அனுப்புங்க. அந்த நோட்டையும் திருப்பிக் குடுங்க."

அவர் என்னைப் பார்த்தார், தாளைப் பார்த்தார், ஏஜென்டைப் பார்த்தார். வந்த தாள்களைக் கிழித்து அவர் கையில் கொடுத்துவிட்டுப் போனார். மத்தியானம் லோடு ஏறியது. நோட்டும் லேபுக்குத் திரும்பி வந்தது.

அன்று சாயங்காலமே அவள் தன் ஃபைல்களைத் திருத்தினாள். ஒவ்வொரு வரிக்கு முன்னாலும் எந்த ஃபோல்டரில் நிற்கிறோம் என்று தெரியும்படி செய்தாள். 'தெகெ' சொன்னால் இனி அழியாது, குப்பை என்று ஒரு ஃபோல்டருக்குப் போகும். மறுநாள் என்னை உட்கார வைத்து, "மேல போய் என்டர் தட்டுங்க அக்கா" என்றாள்.

"போடி, மாட்டேன்."

"தட்டுங்கன்னா."

தட்டினேன். பழைய வரி ஓடவில்லை. கீழே இறங்கி வந்து சும்மா நின்றது. அதன் அடியில் மெஷின் ஒரு கேள்வி கேட்டது: 'நிஜானா அக்கா?' நிஜமாகவா என்று கன்னடத்தில்.

சீசன் முடிந்த பிறகும் அவளை வைத்துக்கொண்டார்கள். நான் அங்கே இருந்தவரை அந்தக் கேள்வியை அவள் எடுக்கவில்லை. யார் உட்கார்ந்தாலும் மெஷின் அக்கா என்றுதான் கேட்கும், முதலாளியின் தம்பி உட்கார்ந்தாலும்.