கழுத்துக்குக் கீழை நான்

சாறி கட்டிக்கொண்டு சும்மா நிக்கிறதும் ஒரு வேலையோ எண்டு கேக்கிற ஆக்கள், ஒருக்கால் வயித்தை எக்கிப் பிடிச்சு, மூச்சும் விடாமல், சிரிச்சுக்கொண்டு நிண்டு பாருங்கோ. உடுப்புக்கடைக் கண்ணாடிக்கு முன்னாலை நிண்டு, பிழை துணியிலை இல்லை, என்னிலைதான் எண்டு நினைச்சவை எல்லாரும் எங்கடை ஆக்கள்தான். உங்களுக்குத்தான் இதைச் சொல்லுறன்.

தலை வேண்டாம்

யாழ்ப்பாணம் ரவுணிலை ஒரு சாறிக் கடையிலை துணி எடுத்துக் காட்டுற வேலைக்குத்தான் போனன். வெளிநாட்டிலை இருக்கிற எங்கடை சனத்துக்குப் போனிலை படம் போட்டு விக்கவேணுமெண்டு முதலாளி ஒரு நாள் என்னையே கட்டி நிக்கச் சொன்னார். படம் வந்தது. பாத்தால், கழுத்தோடை வெட்டிக் கிடக்கு. ஏனெண்டு கேட்டன். முகம் கறுப்பாம். மீன் பொரிக்கேக்கை எண்ணெய் பட்ட தழும்பொண்டு என்ரை இடக்கையிலை கிடக்கு. அதுக்கும் படமெடுக்கிற தம்பி முகத்தைச் சுழிச்சார். பிறகு ஆறுதல் சொல்லுறாராம்: "அக்கா, கழுத்துக்குக் கீழை நீங்கள் நல்ல வடிவு."

பார்சல் தராசு

ரெண்டு வருசம் தலையில்லாமல் நிண்டன். பிறகு துணிஞ்சு கேட்டன், கடை வாசலிலை வைக்கிற பெரிய போர்டிலை என்ரை முகமும் வரவேணுமெண்டு. குருநகரிலையிருந்து வாற எங்கடை அம்மா ஒருக்கால் நிமிர்ந்து பாக்கவேணும், அவ்வளவுதான் ஆசை. நல்லூர்த் திருவிழாவுக்கு முதல் அஞ்சு கிலோ குறைச்சால் போடுறன் எண்டார் முதலாளி.

அண்டையிலையிருந்து இரவிலை புட்டு இல்லை, மத்தியானம் அரைக் கோப்பை சோறு. ஒவ்வொரு திங்களும் கனடாவுக்குப் போற பார்சல் நிறுக்கிற தராசிலை என்னை ஏத்தி நிறுப்பார். அவரின்ரை தொந்தி மேசையிலை முட்டிக்கொண்டு கிடக்கும், கையிலை பாதி கடிச்ச றோல்ஸ். பார்சல் கட்டுற ரஜனி அக்கா ஒரு நாள் என்ரை காதுக்குள்ளை சொன்னா: "உம்மை ஏத்தினது காணும், போதும். முதலாளியை ஒருக்கால் ஏத்தினால் தராசு வாய்விட்டு அழும்."

முதுகிலை கிளிப்

அஞ்சு கிலோவும் குறைச்சன். முதலாளிக்குச் சந்தோசம். அடுத்த கிழமை கொழும்பிலையிருந்து ஒரு இளம் பொம்பிளைப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்தார். முகத்துக்காம். வெள்ளைப் பிள்ளை, பாவம், அதிலை ஒரு பிழையும் இல்லை. மெலிவு குறையக்கூடாதெண்டு ரெண்டு நாளாய்ப் பிஸ்கட்டும் தண்ணியும்தானாம். கடையிலை இருந்த ஒரு சாறிச் சட்டையும் அதின்ரை உடம்பிலை நிக்கேல்லை. உடுப்புக் காயப்போடுற கிளிப்புகளை முதுகிலை வரிசையாய்ப் போட்டு இறுக்கினம். முன்னாலை பாத்தால் அளவெடுத்துத் தைச்ச மாதிரி. திரும்ப மட்டும் வேண்டாமெண்டு படிச்சுப் படிச்சுச் சொன்னம்.

போனிலை நேரடியாய்க் காட்டி விக்கிற லைவ் துவங்கிச்சுது. ஆரோ முந்தானையைக் காட்டச் சொல்லிக் கேக்க, பசிக் களையிலை பிள்ளை எல்லாத்தையும் மறந்து திரும்பிட்டுது. பச்சை, மஞ்சள், சிவப்பெண்டு முதுகு முழுக்கக் கிளிப். கனடாவிலையிருந்து ஒரு அக்கா உடனை எழுதினா: "தங்கச்சி, உந்தக் கிளிப்புகளும் சாறியோடை சேர்ந்து வருமோ?"

தலையோடை

பிள்ளைக்குத் தலை சுத்தி, அப்பிடியே கதிரையிலை இருந்திட்டுது. ரஜனி அக்கா முதலாளியின்ரை றோல்ஸை எடுத்து அதின்ரை கையிலை குடுத்தா. போன் ஓடிக்கொண்டே இருக்கு. நான் போய் முன்னாலை நிண்டன். அந்தப் பிள்ளை சாப்பிடேல்லை, நான் சாப்பிட்டிட்டு வந்தனான் எண்டு சொல்லி, அதே சாறியிலை இன்னொண்டை எடுத்து மேலாலை போட்டுக் காட்டினன். திரும்பியும் காட்டினன். லண்டனிலை ஒரு அன்ரி, தன்னை மாதிரி ஒரு ஆள் போட்டுக் காட்டினபடியால்தான் எடுக்கிறன் எண்டு எழுதினா. அண்டைக்கு அந்தச் சாறி ஒண்டும் மிஞ்சேல்லை.

இனியென்ன, போர்டு எனக்குத்தான் எண்டு நினைச்சுப் போய்க் கேட்டன். முதலாளி வாயைத் துடைச்சுக்கொண்டு சொன்ன மறுமொழியைக் கேளுங்கோ. எனக்கு அழுகை வரேல்லை, கோவம் பத்திக்கொண்டுதான் வந்தது. "நல்லா வித்திட்டீர் பிள்ளை. ஆனா போர்டு எண்டால் வடிவான முகம் வேணுமெல்லே."

போர்டு

திருவிழாவுக்கு முதல்நாள் போர்டு ஏறிச்சுது. மேலை அந்தப் பிள்ளையின்ரை முகம், கழுத்துக்குக் கீழை நான். வெட்டி ஒட்டினவை முகத்துக்குப் பூசின வெள்ளையைக் கைக்குப் பூச மறந்திட்டினம். இடக்கைத் தழும்பு ரோட்டு முழுக்கத் தெரியுது. அம்மா பஸ்ஸாலை இறங்கி வந்து, கன நேரம் நிமிர்ந்து பாத்துக்கொண்டு நிண்டா. பிறகு நேரை உள்ளை வந்து, கடை நிறைஞ்ச சனத்துக்கு நடுவிலை, சத்தம் போடாமல் கேட்டா: "முதலாளி, வெளியிலை நிக்கிற கை என்ரை பிள்ளையின்ரை. தலையை எங்கை வைச்சிருக்கிறியள்?"

உந்தத் தொழிலிலை உடம்பிருந்தால் முகம் காணாது, முகமிருந்தால் உடம்பு காணாது, ரெண்டும் இருக்கிறவளுக்குச் சோறு காணாது.