தை வரட்டும்

எனக்குக் கோபம் வந்தால் வீட்டில் யாரும் குறுக்கே வரமாட்டார்கள். சந்தோஷம் வந்தால் அதைவிட மோசம். வருகிறவர் போகிறவர் எல்லோரையும் பிடித்து நிறுத்திக் கதை சொல்லிவிடுவேன். அந்த மழைக்காலம் முழுக்க நான் அப்படித்தான் இருந்தேன். மட்டாஞ்சேரியில் எங்கள் கடைக்குச் சுக்கு வாங்க வந்தவர்கள்கூட என் பலாக்கன்றுகளின் உயரத்தைத் தெரிந்துகொள்ளாமல் திரும்பியதில்லை.

சங்கதி இதுதான். எங்களிடம் மூன்று பசு, கொஞ்சம் ஆடு. வீட்டுப் பின்புறத்தில் இரவு கட்டலாம், அவ்வளவுதான். ஒரு பசு திரும்பிப் படுத்தால் இன்னொன்று எழுந்து நிற்கவேண்டும். பகலெல்லாம் மேய்வது சுள்ளிக்கல்லில் அண்ணன் பேரில் இருக்கும் பறம்பில். மதில் போட்ட வெற்று நிலம் அது. புல் நன்றாக வரும், நிழலுக்கு மருந்துக்குக்கூட ஒரு மரம் கிடையாது. முந்தின கோடையில் சினைப்பசு ஒன்று வெயில் தாங்காமல் அங்கேயே முன்னங்கால் மடங்கி விழுந்துவிட்டது. நானும் வீட்டுக்காரரும் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி அதை எழுப்பினோம். அன்றைக்கே முடிவு செய்தேன்: இந்தப் பறம்பில் மரம் வேண்டும், அதுவும் பழமரம் வேண்டும். நிழலுக்கு நிழல், தழைக்குத் தழை, பழுத்து விழுந்தால் பசு தானே போய்த் தின்னும்.

அண்ணன் கல்யாணம் ஆனதிலிருந்து கோயம்புத்தூர்வாசி. நான் பேசுவது தமிழே இல்லை என்று போனில் கிண்டல் செய்வது அவருக்குப் பொழுதுபோக்கு. மரம் நடப்போகிறேன் என்று சொல்ல அவரைக் கூப்பிட்டால், அவர் வேறு ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். லாரிக்காரர் ஒருவர் வண்டி நிறுத்த அந்த நிலத்தைக் கேட்கிறாராம். கொடுத்துவிடலாம் என்று அண்ணனுக்கும் யோசனையாம்.

அந்த நிலம் போனால் பசுக்களை விற்பதைத் தவிர வேறு வழி கிடையாது. மூச்சு விடாமல் பேசினேன், கெஞ்சினேன், நடுவில் சண்டையும் போட்டேன். விதை போட்டு மரம் வளர்க்கப்போகிறேன், எனக்கு விட்டுத்தாருங்கள் என்றேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அண்ணன் நிதானமாகச் சொன்னார்:

"சரி, சரி. தை வரட்டும். அப்புறம் பேசி முடிவு பண்ணிக்கலாம்."

எங்களுக்குத் தை என்றால் செடிக்கன்று. தென்னந்தை, மாந்தை, சக்கைத்தை, அதாவது பலாக்கன்று. மலையாளத்தில் அப்படித்தான், எங்கள் வாயிலும் அப்படித்தான். எங்கள் வீட்டுச் சுவரில் தொங்குவதும் மலையாளக் காலண்டர். அதில் சிங்கம், கன்னி, மகரம் என்று மாசமெல்லாம் உண்டு, தை கிடையாது. ஆகவே அண்ணன் சொன்னது எனக்குக் கண்ணாடி மாதிரித் தெளிவாக இருந்தது. கன்று முளைத்துவிட்டால் நிலம் எனக்கு. அண்ணனே நம்ம வார்த்தையில் பேசிவிட்டாரே என்று நெஞ்சு நிறைந்துபோயிற்று.

ஒட்டுக்கன்று வாங்கிவிடலாமே, சீக்கிரம் காய்க்குமே என்றார் வீட்டுக்காரர். ஒட்டு தாழ்வாகப் படரும், பசு கொம்பால் முறித்துவிடும். விதை போட்டு வந்த மரம்தான் ஆணிவேர் இறக்கி நெட்டென்று மேலே போகும் என்று அடித்துச் சொன்னேன். கெட்டிச்சுளை வரிக்கைச் சக்கையின் விதை போட்டாலும் கூழாகக் குழைகிற கூழைச்சக்கை காய்க்கலாமே என்று சீண்டினார். காய்க்கட்டுமே, கொழகொழவென்று விழுந்து சிதறினால் பசுவுக்கு அதுதான் கொண்டாட்டம் என்றேன்.

விதை சேர்த்ததில்தான் கோட்டை விட்டோம். நாங்கள் சுக்கும் மிளகும் ஜாதிக்காயும் விற்கிற கூட்டம். எந்தச் சரக்கு கைக்கு வந்தாலும் முதலில் வெயிலில் போடு, ஈரம் இருந்தால் பூசணம் பிடிக்கும் என்பது எங்கள் ரத்தத்தில் ஊறியது. பலாக்கொட்டையையும் அப்படியே மொட்டைமாடியில் சாக்கு விரித்துக் காயவைத்தோம். வீட்டுக்காரர் ஒரு பிடி அள்ளிக் காதருகே குலுக்கிப் பார்த்து, சத்தம் நன்றாக இருக்கிறது, சரக்கு முதல்தரம் என்று சான்றிதழ் கொடுத்தார். ஜூனில் இடவப்பாதி மழை தொடங்கியதும் பறம்பில் மண்ணை மேடுமேடாகக் கூட்டி விதைத்தேன். தினமும் ஸ்கூட்டரில் போய்க் குனிந்து குனிந்து பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. தோண்டினால் எல்லாம் அழுகி நாறியது.

அந்தக் கோபத்தோடு வீட்டுக்கு வந்து தொழுவத்தில் சாணி அள்ளக் குனிந்தேன். மூலையில் பச்சையாக ஏதோ தெரிந்தது. பசுக்களுக்குப் போட்ட பலா மடலில் ஒட்டியிருந்த கொட்டைகள் சாணியிலும் சேற்றிலும் மிதிபட்டு, ஜம்மென்று முளைத்து நின்றன. காயவே விடாத விதை. எனக்குத் தலைகால் புரியவில்லை. சாணிக்கூடையைக் கீழே போட்டுவிட்டு வீட்டுக்காரரைக் கடையிலிருந்து அவசரமாக வரச்சொன்னேன். மனுஷன் பசு செத்துவிட்டதோ என்று ஓடி வந்தார். வந்து பார்த்துவிட்டு, இதுவரை காய வைத்தே பிழைத்தோம், இதற்கு மட்டும் நனைய வைக்கவேண்டும் போல என்று சிரித்தார்.

அப்புறம் ஒரே ஓட்டம்தான். எந்த வீட்டில் சக்கை வெட்டினாலும் அங்கே நின்றேன். கொட்டையை மாங்காயோடு கறி வைக்க எடுத்து வைத்திருந்தவர்களிடம் பாதிக்குப் பாதி பிடுங்கினேன். பழத்திலிருந்து எடுத்த விதை அன்றைக்கே பறம்பு மண்ணுக்குள் போயிற்று. கூடவே மாங்கொட்டையும் நாவல் கொட்டையும். கொஞ்ச நாளில் மண்ணைப் பிளந்துகொண்டு வந்தன பாருங்கள், எனக்குப் பிரசவ வார்டில் நிற்கிற மாதிரி இருந்தது. ஒவ்வொன்றிடமும் பேசினேன். ஆமாம், பேசினேன், அதில் என்ன வெட்கம்?

ஆனால் ஆட்டுக்குப் பலா இலை என்றால் உயிர். கன்றைச் சுற்றிக் குச்சி நட்டுப் பழைய மிளகுச்சாக்கைக் கட்டினோம். ஆடு மூக்கை நுழைத்துத் தும்மிவிட்டு மறுபடியும் நுழைத்தது. கடைசியில் சாணியைக் கரைத்து இலைகளில் பூசினேன். தன் சாணி பட்ட இலையைப் பசு தொடாது, ஆடும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடும். மழை கழுவக் கழுவத் திரும்பப் பூசினேன். கை நாற்றம் போகவே இல்லை, சோற்றைக் கரண்டியால் சாப்பிட்டேன்.

ஓணம் முடிந்ததும் அண்ணனைக் கூப்பிட்டு, தை நல்லா வரும் அண்ணா, எனக்கு நம்பிக்கை இருக்கு என்றேன். வராம எங்க போகும், தன்னால வரும் என்றார் அண்ணன். அவரையும் மரக்கிறுக்கு பிடித்துவிட்டது என்று வீடெல்லாம் சொல்லிக் குதித்தேன். போட்டோ அனுப்பவில்லை. நேரில் பார்த்து அசந்துபோகட்டும் என்று வைத்திருந்தேன்.

அண்ணன் ஜனவரியில் வந்தார். நான் பறம்பில் முழங்கைவரை சாணியோடு நின்றிருந்தேன். கேட்டைத் திறந்துகொண்டு வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையில் அண்ணன். பின்னாலேயே யாரோ ஒருவர், கையில் அளக்கிற டேப்போடு. நான் அந்த டேப்பைக் கவனிக்கவில்லை. என் கண்ணுக்கு அண்ணன் மட்டும்தான் தெரிந்தார்.

"தை வந்தாச்சு அண்ணா," என்றேன்.

"வந்தாச்சு. அதான் பொங்கல் முடிஞ்ச கையோட லாரிக்காரரையும் கூட்டிட்டு வந்துட்டேன்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. புரியாததால் கத்தினேன். தை வந்தால் நிலம் எனக்கு என்று நீங்கள்தானே சொன்னீர்கள், இதோ வந்து நிற்கிறதே என்று ஒவ்வொரு கன்றாகக் காட்டினேன். அண்ணன் விழித்தார். தை மாசம் வரட்டும், வியாபாரத்தை நல்ல மாசத்தில் பேசலாம் என்றுதான் சொன்னேன் என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது, பாதியிலேயே அழுகையாகிவிட்டது. அத்தனை மாசமும் நான் வேறு ஒரு பேச்சில் இருந்திருக்கிறேன்.

லாரிக்காரர் தங்கமான மனுஷர். இதையெல்லாம் வேரோடு தோண்டி வேறு இடத்தில் வைத்துவிடலாமே, ஆளும் வண்டியும் நான் தருகிறேன் என்றார். முடியாது என்றேன். செடி முழங்கால் உயரம் என்றால் ஆணிவேர் அதைவிட ஆழம் போயிருக்கும், தோண்டினால் அறுந்துவிடும், அறுந்தால் செத்துப்போகும். எப்போது காய்க்கும் என்று அண்ணன் கேட்டார். ஆறேழு வருஷம் ஆகும் என்றேன். அந்த இடத்தில் ஒரு பொய் சொல்லியிருக்கலாம், வாய் வரவில்லை. தீர்ந்தது, பசுவை யார் வாங்குவார்கள் என்று மனசு கணக்குப் போட ஆரம்பித்தது.

அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு கன்றின் பக்கத்தில் உட்கார்ந்தார். சாணி பூசிய இலையை விரலால் தொட்டார். அவிழ்ந்திருந்த மிளகுச்சாக்கை இழுத்து இறுக்கிக் கட்டினார். பிறகு லாரிக்காரரை நிமிர்ந்து பார்த்தார்.

"உங்க லாரிக்கு நானே வேற இடம் பாத்துத் தரேன். இந்தத் தைக்கு வேற இடம் கிடையாது."

என் சாணிக்கையால் அண்ணனைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். வெள்ளைச் சட்டை முழுக்கப் பச்சையாயிற்று. அவர் விலகவில்லை.