வாயை மூடிக்கொண்டு ஓடியவன்

ஓடும்போது மூச்சு விடக்கூடாது என்றுதான் நான் நம்பிக்கொண்டிருந்தேன். சிரிக்காதீர்கள். அப்பா சங்கு குளிப்பவர். நெஞ்சு நிறையக் காற்றை இழுத்துக்கொண்டு கடலுக்குள் போவார். சங்கோடு மேலே வந்து தலையைக் காட்டிய பிறகுதான் மூச்சு விடுவார். கரையிலும் கஷ்டமான வேலைக்கு அதுதான் சட்டம் என்று நானாக முடிவு கட்டியிருந்தேன். தெருப் பிள்ளைகளோடு பந்தயம் ஓடினால் முதல் கரண்டுக் கம்பம் வரை நான்தான் முதல். இரண்டாவது கம்பத்தடியில் கத்தரிக்காய் நிறத்தில் உட்கார்ந்திருப்பேன்.

அந்த வருடம் என் தாய்மாமாவுக்குத் துறைமுகப் பக்கம் காவலர் வேலைக்கு ஓட்டத் தேர்வு. வேலை கிடைத்தால்தான் கல்யாணம் என்று பெண் வீட்டார் கறாராகச் சொல்லிவிட்டார்கள். மாமாவுக்கோ அந்தப் பெண்ணைத் தவிர வேறு நினைப்பில்லை. ஆக, மொத்த வாழ்க்கையும் அவர் காலில் இருந்தது. அந்தக் காலை வைத்துக்கொண்டு அவர் ஓடிய ஓட்டம் இருக்கிறதே!

விடிந்ததும் கடற்கரைச் சாலையில் கிளம்புவார். பின்னால் நான் சைக்கிளில். கீழே விழாமலிருக்க வளைந்து வளைந்து மிதிக்கவேண்டும், அவ்வளவு மெதுவாக ஓடுவார். போதாததற்கு வாய் ஓயாது. டீக்கடை அண்ணாச்சியிடம் சுகம் விசாரிப்பார். வலை காயப்போடுகிறவர்களிடம் என்ன மீன் பட்டது என்று கேட்பார்.

மீன்கூடையோடு வந்த அக்கா ஒருத்தி, "ஏலே, இது ஓட்டமா, இல்ல கோயில் சப்பரம் வருதா?" என்றாள்.

"சப்பரந்தாங்க்கா. காணிக்க போடுதியளா?" என்றார் மாமா, நிற்காமலே.

பேசப் பேச மூச்சு சிந்திக்கொண்டே போகிறதே!

"மாமா, வாய மூடுங்க மாமா! மூச்செல்லாம் போவுது!"

"போனா போட்டும் மருமவனே. ஊரு பூரா காத்துதான கெடக்கு."

எதிர்வீட்டு அண்ணனும் அதே தேர்வுக்குத் தயாரானான். ஓட்டமென்றால் அது ஓட்டம். தினமும் உயிரைக் கொடுத்து ஓடிவிட்டு வந்து சாக்கடை ஓரம் வாந்தி எடுப்பான். மாமா திரும்பி வந்து இன்னும் இரண்டு இட்லி கேட்பார். பெண் கைவிட்டுப் போயாச்சு என்று நான் மாதா கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றினேன். தேர்வு நெருங்கும்போது அண்ணன் முழங்காலில் தைலம் தடவி நொண்டிக்கொண்டிருந்தான். அதையும் வீரம் என்றே எடுத்துக்கொண்டேன்.

தேர்வு நாளில் மைதானத்துக் கம்பி வேலிக்கு வெளியே நின்றேன். விசில் ஊதியதும் எல்லாரும் பறந்தார்கள். மாமா கடைசி. வழக்கத்தைவிடக் கொஞ்சம் வேகம், அவ்வளவுதான். பக்கத்தில் ஓடியவனிடம் எந்த ஊர் என்று வேறு விசாரித்தார். "சாத்தான்குளம்" என்று அவன் மூச்சிரைக்கச் சொன்னது வேலிக்கு வெளியே கேட்டது.

இனிப் பொறுக்கமுடியாது, எப்படி ஓடவேண்டும் என்று நானே காட்டித் தருகிறேன் என்று வாயை இறுக மூடி வேலியை ஒட்டி ஓட ஆரம்பித்தேன். மைதானம் மங்கியது. காதுக்குள் கடல் இரைந்தது. செத்துப்போகிறேன், கல்யாணப் பிரியாணி எனக்கில்லை என்று நினைத்தபடி உடைமுள் மரத்தடியில் பொத்தென்று விழுந்தேன்.

"ஏலே, மூச்ச வுடுல!"

மாமாவின் குரல். நிற்கவில்லை மனிதர், சொல்லிக்கொண்டே தாண்டிப் போனார். விட்டேன்.

கண் தெளிந்து பார்த்தால் கடைசிச் சுற்று. முன்னால் பறந்தவர்கள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். எதிர்வீட்டு அண்ணன் ஓரமாக உட்கார்ந்துவிட்டான். மாமா ஒவ்வொருவராகத் தாண்டிக்கொண்டிருந்தார்.

வேலை கிடைத்தது. கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழனைவிட நான்தான் அதிகம் நிமிர்ந்து நடந்தேன். நான் விட்ட மூச்சு வேலி தாண்டிப் போய் மாமாவுக்குச் சேர்ந்தது என்பது என் கணக்கு. பல வருடம் அதை யாருக்காகவும் திருத்தவில்லை.

இப்போது சர்க்கரைக்குப் பயந்து நானும் அதே சாலையில் ஓடுகிறேன். ஆரம்பத்தில் வீராப்பாக ஓடி, வாரக் கடைசியில் மாடிப்படி ஏற முடியாமல் கிடந்தேன். வேகத்தைக் குறைத்த பிறகு, நடக்க வருகிறவர்களே என்னை முந்துகிறார்கள். ஆனால் முழங்கால் சும்மா இருக்கிறது, காலையில் பசிக்கிறது, மறுநாளும் ஓடத் தோன்றுகிறது. அன்றைய சமாசாரம் எனக்கு உறைத்ததே இப்போதுதான்.

நடந்தது இதுதான்: மாமா மாதக்கணக்கில் ஒரு நாளும் விடாமல், பேசமுடிகிற வேகத்திலேயே ஓடினார். தேர்வின் கடைசிச் சுற்றில் மட்டும் பேசவில்லை.