மணிப்பூட்டு ஏலம்

தொண்ணூற்றேழில் கொல்லிமலைக்கு மாற்றலாகி வந்தபோது என்னிடம் பதினோரு பூட்டுகள் இருந்தன. மூன்று வருடத்தில் அது முப்பத்து நான்கு ஆயிற்று. மனைவி இல்லாத வீட்டில் எதை வேண்டுமானாலும் சேர்த்துக்கொண்டே போகலாம், கேட்க ஆள் கிடையாது.

நான் கால்நடை ஆய்வாளர். மாட்டுக்கு ஊசி போடுவது, சினை பார்ப்பது, ஆட்டுக்குப் பூச்சி மருந்து ஊற்றுவது, இவைதான் வேலை. நிஜமான டாக்டர் கீழே இருந்தார், அவ்வப்போது ஜீப்பில் வந்து பார்த்துவிட்டுப் போவார். ஆனாலும் தேவனூர் நாட்டுக்காரர்கள் (மலையில் பத்துப் பன்னிரண்டு ஊர் சேர்ந்தால் அது ஒரு நாடு) என்னைத்தான் டாக்டர் என்றார்கள். நான் டாக்டர் இல்லை என்று இரண்டு மூன்று தடவை சொல்லிப் பார்த்தேன். "சரிங்க டாக்டர், இனிமே அப்படிச் சொல்லலீங்க" என்றார்கள். விட்டுவிட்டேன்.

தடுப்பூசி மருந்து வாங்க ஐஸ் பெட்டியோடு கீழே இறங்கும் நாட்களில் பழைய இரும்புக் கடைகளில் நுழைந்து பூட்டு தேடுவேன். மாங்காய் வடிவப் பூட்டு, இரண்டு சாவி போட்டால்தான் திறக்கும் பூட்டு, சாவித்துவாரத்தையே மூடி மறைத்து வைத்திருக்கும் கள்ளப் பூட்டு. எல்லாவற்றையும் குவார்ட்டர்ஸ் சுவரில் ஆணி அடித்து மாட்டியிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை ஒவ்வொன்றாக இறக்கி, தையல் மிஷின் எண்ணெய் விட்டு, திறந்து, பூட்டி, மறுபடி மாட்டுவேன். அதற்குள் மத்தியானம் ஆகிவிடும். திருடிக்கொண்டு போக அந்த வீட்டில் இருந்ததே பூட்டுகள்தான்.

என் மனைவி போனது மலைக்கு நான் வருவதற்கு முந்தைய வருடம். பெரிய சண்டை என்று ஒன்றும் இல்லை. ஈரோட்டில் இருந்த அண்ணன் வீட்டுக்குப் பண்டிகைக்குப் போனவள் திரும்பவில்லை. கூப்பிடப் போனேன். வாசலிலேயே நின்றுகொண்டு, "உங்ககூட இருந்தா ஆளில்லாத ஊட்ல இருக்கற மாதிரியே இருக்குதுங்க" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. செருப்பைப் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். பிறகு, யாரும் கேட்காத மலை மாற்றலை நானே எழுதிக் கேட்டு வாங்கினேன்.

மலைக்கு வந்த முதல் வாரமே, கன்று ஈனச் சிரமப்பட்ட ஒரு மாட்டைப் பார்க்கப் போன வீட்டில் அந்த அம்மாள் கேட்டார்: "ஏனுங்க டாக்டர், ஊட்டுக்காரம்மா எப்ப வாராங்க?"

"அடுத்த மாசம்ங்க" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? கை இரண்டும் மாட்டுக்குள் இருந்தது, வாய் தன்பாட்டுக்குச் சொல்லிவிட்டது. ஒரு பொய்யை மறைக்க ஒன்பது பொய் என்பார்கள், எனக்கு ஒன்பது போதவில்லை. அவளுக்குக் கீழே ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை என்றேன். மாற்றல் கேட்டிருக்கிறாள் என்றேன். அவள் அம்மாவுக்கு ஒரு பக்கம் கை கால் விழுந்துவிட்டது என்றேன். ஒரு தடவை பாதி மலை ஏறிவிட்டு வளைவு தாங்காமல் வாந்தி எடுத்து இறங்கிப் போய்விட்டாள் என்றுகூடச் சொன்னேன். அதற்கு ஊரே பரிதாபப்பட்டது. எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே ஏறச் சொல்லுங்கள் என்று யோசனை சொன்னார்கள்.

உண்மையைச் சொல்வதானால், அந்தக் கேள்வி எனக்குப் பிடித்துப் போயிருந்தது. தினமும் யாராவது கேட்பார்கள், நான் ஏதாவது சொல்வேன். சொல்லச் சொல்ல அவள் எங்கேயோ இருப்பது போலவும், என்னைப் பற்றி விசாரித்துக்கொண்டிருப்பது போலவும் இருக்கும். சில நாட்களில் அவள் அம்மாவுக்கு இப்போது தேவலையா என்று எனக்கே கவலை வந்ததுண்டு. வெட்கக்கேடுதான். வேறு பேச்சுத்துணை இல்லாதவனுக்கு அது போதுமானதாக இருந்தது.

என் பூட்டுப் பைத்தியத்தை ஊரில் முதலில் கண்டுபிடித்தவர் தபால்காரர். அவருக்குப் பாதி நாள் தபால், பாதி நாள் சாமைக்காடு. அவர் வீட்டு முன்னறைதான் தபால் ஆபீஸ். எனக்குக் கையெழுத்து வாங்கிக் கொடுக்கவேண்டிய தபால் ஒன்று வந்திருந்த அன்று உள்ளே வந்தவர், சுவரைப் பார்த்துவிட்டு, "இத்தனை பூட்டு வெச்சிருக்கீங்களே டாக்டர், சன்னலுக்குக் கொக்கி இல்லையே" என்றார். சன்னல் காற்றில் அடித்துக்கொண்டிருந்தது. நான் அன்றைக்குச் சிரிக்கும் நிலையில் இல்லை. அந்தத் தபால் ஈரோட்டு வக்கீல் ஒருவர் அனுப்பியது. கையெழுத்துப் போட்டேன். தபால்காரர் பேனாவை வாங்கிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு போய்விட்டார்.

அம்மன் கோயிலில் பாத்திர பண்டம் வைக்கும் அறைக்கு ஒரு பழைய பித்தளைப் பூட்டு இருந்தது. கை அகலம். சாவியை ஒரு சுற்றுச் சுற்றினால் உள்ளே 'டிங்' என்று மணி ஒன்று அடிக்கும். மூன்று சுற்று, மூன்று மணி. திறப்பவன் யாராயிருந்தாலும் வெளியே இருப்பவர்களுக்குக் கேட்டுவிடும். இப்படி ஒரு பூட்டு உண்டு என்று கேள்விப்பட்டிருந்தேனே தவிரக் கண்ணால் கண்டதில்லை. பூசாரி வீட்டு ஆட்டைப் பார்க்கும் சாக்கில் கோயில் பக்கம் போய் அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டு வருவேன்.

இரண்டாயிரத்தில், மாசி நோன்புக்கு முன்னால், அந்த அறைக்கு இரும்புக் கேட் போட்டுப் புதுப் பூட்டும் வாங்கினார்கள். நோன்பின் கடைசி நாளில் அம்மன் பாதத்தில் வைத்த எலுமிச்சம்பழம், தேங்காய், புடவை எல்லாவற்றையும் ஏலம் விடுவது வழக்கம். அந்த வருடம் ஏலத்தில் மணிப்பூட்டும் உண்டு என்று பூசாரி சொன்னார். மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஏலத்துக்கு வழக்கம் ஒன்று இருந்தது. கேட்க நினைப்பவன் முதலில் தட்டிலிருந்து ஒரு வெற்றிலை எடுத்துக்கொள்ள வேண்டும். எடுத்துவிட்டால் அம்மன் முன்னால் வாக்குக் கொடுத்த மாதிரி. கேட்ட விலையிலிருந்து பின்வாங்க முடியாது. அதற்கு மேல் வேறொருவன் கேட்டால்தான் விடுதலை. இது எனக்குத் தெரியும். முதல் ஆளாகப் போய் வெற்றிலையை எடுத்தேன்.

எனக்குத் தெரியாத பாதி ஒன்று இருந்தது. ஊரில் எல்லோருக்கும் அது பிறந்ததிலிருந்தே தெரியும், அதனால் யாருக்கும் எடுத்துச் சொல்லத் தோன்றவில்லை.

மத்தியான வெயிலில் ஏலம் ஆரம்பித்தது. எலுமிச்சம்பழம், தேங்காய் போனபிறகு பூட்டு வந்தது. அடிவாரத்திலிருந்து வந்திருந்த இரண்டு பேர் கொஞ்ச தூரம் போட்டிக்கு வந்தார்கள். நான் விடவில்லை. அவர்கள் ஒரு படி ஏறினால் நான் இரண்டு படி ஏறினேன். வாழ்க்கையில் எதற்கும் அப்படிக் குரலை உயர்த்தியவனில்லை நான். இருவரும் வாயை மூடிக்கொண்டார்கள். பூட்டு எனக்குத்தான் என்று ஆகிவிட்டது.

ஏலம் விட்ட ஊர்ப் பெரியவர் வெள்ளந்தியான மனிதர். "ஒரு தரம்" என்றார். பிறகு முகமெல்லாம் சிரிப்பாக என்னைப் பார்த்தார்.

"நல்ல காரியம் பண்ணுனீங்க டாக்டர். இன்னிக்கே கீழ சொல்லியனுப்பிருங்க. வார செவ்வாக்கெழம மறுபூசை. ஊட்டுக்காரம்மாவும் நீங்களும் சோடியா நின்னு பொங்க வெச்சுத்தான் அம்மன் சாமானக் கையில வாங்கோணும். இப்படியாவது அந்தம்மா மல ஏறி வரட்டும்!"

தனியாளாக இருப்பவன் அந்த ஏலத்தில் கேட்கவே கூடாது. பெண்டாட்டி செத்தவனோ, கல்யாணம் ஆகாதவனோ ஆசைப்பட்டால் அவனுக்காக அண்ணன் தம்பி யாராவது கேட்பார்கள். அதுதான் எனக்குத் தெரியாத பாதி.

என் கையில் வெற்றிலை இருந்தது. வேர்வையில் அது கசங்கிப் போயிருந்தது. பொய் சொல்லியே பழகிய வாய்க்கு அந்த நேரத்தில் ஒரு பொய்கூட வரவில்லை. செவ்வாய்க்கிழமைக்கு ஐந்து நாள் இருந்தது. ஐந்து நாளில் யாரைச் சாகடிப்பது, யாரைப் படுக்கையில் போடுவது? அம்மன் முன்னால் வேறு நிற்கிறேன். எனக்குப் பெரிய பக்தி கிடையாது, ஆனாலும் பயமாக இருந்தது. அதைவிட, மூன்று வருடமாக அன்னாசியும் தேனும் கொண்டுவந்து, "அம்மா வந்தா குடுங்க" என்று வைத்துவிட்டுப் போன பெண்கள் எதிரே உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் யாரும் சிரிக்கவில்லை. ஒருவரும் வாய் திறக்கவில்லை. கோயில் மரியாதை என்று நினைத்துக்கொண்டேன்.

"ரெண்டு தரம்" என்றார் பெரியவர்.

கூட்டத்தின் பின்னாலிருந்து யாரோ ஆட்களை விலக்கிக்கொண்டு வந்தார்கள். தபால்காரர். நேராகத் தட்டுக்குப் போய் ஒரு வெற்றிலையை எடுத்தார்.

"எனக்குப் பத்து ரூவா சேத்திப் போட்டுக்கங்க."

பெரியவருக்குப் பிடிக்கவில்லை. "உன்ற ஊட்டுக் கதவுக்குத் தாழ்ப்பாளே கெடயாது. உனக்கு எதுக்குடா பூட்டு?" என்றார். கூட்டம் சிரித்தது. தபால்காரர் சிரிக்கவில்லை. அவர் மனைவி இடுப்பில் முந்தானையைச் செருகிக்கொண்டு வந்து, மூன்றாம் தரம் சொல்வதற்கு முன்னாலேயே புருஷனுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார்.

"டாக்டர், ஏத்துங்க. உட்றாதீங்க" என்றார் பெரியவர்.

நான் தலையை ஆட்டினேன். வேண்டாம் என்று ஆட்டினேன். "மூணு தரம்" என்று கேட்டது.

வயிறு உப்பிக் கிடக்கும் மாட்டுக்கு இடது விலாவில் குத்தி வாயுவை இறக்கிவிட்டால், ஒரு பெருமூச்சு விட்டுத் தலையைத் தூக்கும். எத்தனையோ மாடுகளில் பார்த்திருக்கிறேன். அது எப்படி இருக்கும் என்று அன்றைக்குத் தெரிந்தது. மூன்று நாள் சோறு இறங்காமல் ஆசைப்பட்ட பொருள் கண்ணெதிரே இன்னொருவர் கைக்குப் போகிறது, எனக்கோ சந்தோஷமாக இருக்கிறது. தோற்றதற்கு அம்மனைக் கும்பிட்டேன். விழுந்தே கும்பிட்டேன்.

வீட்டுக்கு வந்து, வைத்திருந்த சோறு முழுவதையும் சாப்பிட்டேன். சாப்பிட்டு முடித்து, கை கழுவும்போதுதான் யோசனை வந்தது. தபால்காரருக்கு எதற்குப் பூட்டு?

மறுநாள் காலை அவர் வீட்டுக்குப் போனேன். முன்னறையில் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து தபால்களுக்கு முத்திரை குத்திக்கொண்டிருந்தார். அவர் மனைவி காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு, எதுவும் கேட்காமல் காட்டுக்குக் கிளம்பிப் போனார்.

"ஏனுங்க, பூட்டு மேல உங்களுக்கு என்னங்க அத்தன ஆச?" என்றேன். விளையாட்டாகக் கேட்பது போலத்தான் கேட்டேன்.

"எனக்கு எதுக்குங்க அது. நீங்க வெத்தல எடுத்ததப் பாத்ததும் பக்குனு ஆயிப்போச்சு. ஊட்ல கேட்டேன், போய் எடுய்யான்னா" என்றார், முத்திரை குத்திக்கொண்டே.

காப்பி டம்ளரைக் கீழே வைத்தேன். "எப்பத் தெரியும்?"

"அந்த வக்கீல் கவரு குடுத்தனே, அன்னிக்கே."

அது இரண்டு வருடத்துக்கு முந்திய சங்கதி. "ஊர்ல சொன்னீங்களா?"

"தபாலப் பத்தி வெளிய பேசப்படாதுங்க." அவருக்குக் கோபம் வந்துவிட்டது. பிறகு குரலைத் தணித்துக்கொண்டார். "நான் எதுக்குங்க சொல்லோணும்? அந்தம்மாகிட்டயிருந்து ஒரு கடுதாசி வருல. ஒரு பொங்கலுக்கு, தீவாளிக்கு நீங்க கீழ எறங்குல. பெரியவருக்கு மட்டுந்தான் ஒண்ணுந் தெரியாது. பொம்பளைங்க அத்தன பேருக்கும் தெரியுமுங்க."

எனக்குக் காது சூடாயிற்று. மாற்றல், மாமியாரின் கை கால், வளைவு, வாந்தி, எலுமிச்சம்பழம். அத்தனையும் தெரிந்துகொண்டேதான் முகத்தைப் பரிதாபமாக வைத்துக் கேட்டிருக்கிறார்கள். முதலில் அவமானமாக இருந்தது, பிறகு ஆத்திரம் வந்தது.

"தெரிஞ்சுமா தெனமும் கேட்டாங்க, எப்ப வாராங்க எப்ப வாராங்கன்னு? என்னைய வெச்சு வெளையாண்டாங்களா?"

அவர் முத்திரையை மைப்பெட்டி மேல் வைத்தார்.

"அப்படியில்லீங்க. திடீர்னு கேக்கறத நிறுத்துனா, ஊருக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு உங்களுக்குத் தெரிஞ்சிருமில்லீங்களா? அப்புறம் எங்க ஊடுகளுக்கு எப்படி வருவீங்க? அதான் கேட்டுக்கிட்டே இருந்தாங்க."

வெளியே யாரோ ஆட்டை ஓட்டிக்கொண்டு போனார்கள். இந்த மலையில் எனக்கு யாரும் இல்லை என்று மூன்று வருடமாக நினைத்திருந்தேன். நான் அப்படி நினைத்துக்கொண்டிருந்த ஒவ்வொரு நாளும் இவர்கள் ஒருவர் தவறினால் ஒருவர் என்று என் பொய்க்குத் துணை நின்றிருக்கிறார்கள். ஆளில்லாத வீடு என்று அவள் சொன்னது எதை என்று அந்த இடத்தில்தான் எனக்குக் கொஞ்சம் புரிந்தது. ஆள்கள் இருந்தார்கள். நான்தான் யாரையும் பார்க்கவில்லை.

"அவ வரமாட்டாளுங்க" என்றேன். யாரிடமும் அதுவரை சொல்லாத வார்த்தை.

தெரியும் என்று அவர் சொல்லவில்லை. நாற்காலியை என் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"அப்படீங்களா?" என்றார், அப்போதுதான் முதல் தடவையாகக் கேள்விப்படுகிறவரைப் போல. "என்னாச்சுங்க?"